தேய்ந்த உளியும் பழுதான எஞ்சினும்

மோட்டார் வண்டியின் எஞ்சின் காலத்துக்கு முன்பே பழுதாகிவிட்டால் இரண்டு கட்சிகள் உடனே தோன்றிவிடுகின்றன. "தொழிற்சாலையில் கருவிகள் தேய்ந்து கிடக்கின்றன, அவற்றைக் கொண்டு செய்த எஞ்சின் எப்படி உழைக்கும்?" என்பது வண்டியை வாங்கியவரின் கட்சி. "எண்ணெயைக் காலத்தில் மாற்றவில்லை, குற்றம் உம்முடையது" என்பது விற்றவரின் கட்சி. எஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கும் மெக்கானிக்கோ இருவருக்கும் பொதுவாகத் தலையை அசைத்துவிட்டுக் கணக்கை எழுதத் தொடங்குகிறார்.

இது வெறும் வாய்ச்சண்டை அன்று. அசாம் ஜாவா, புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம் முதலிய இடங்களில் வாழும் குடும்பங்களுக்கு மோட்டார் வண்டி ஆடம்பரப் பொருளாக இருந்த காலம் மலையேறிவிட்டது. வேலையும் வீடும் தோட்டத்துக்குள்ளேயே இருந்த நாளில் கால்நடையாகவே பிழைப்பு நடந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, பிள்ளைகள் ஷா ஆலாம், கிள்ளான், ரவாங் என்று வேலைக்குப் போகத் தொடங்கியபின், வண்டி ஓடினால்தான் அடுப்பு எரியும் என்ற நிலை பல வீடுகளில் ஏற்பட்டுவிட்டது. தவணை முடியுமுன் எஞ்சின் போய்விட்டால், அதைச் சீராக்கும் செலவு பல மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். ஆகவே, குற்றம் யாருடையது என்ற கேள்விக்குரிய விடையே, அச்செலவைத் தாங்குவது யார் என்பதற்கும் விடையாகிறது.

மோட்டார் செய்யும் தொழில் இவ்வட்டாரத்தாருக்கு எங்கோ நடக்கும் சங்கதியுமன்று. 'லத்தார்' என்று சுருக்கமாக வழங்கும் நெடுஞ்சாலையின் முழுப்பெயரே அசாம் ஜாவா–தாமான் ரிம்பா நெடுஞ்சாலை என்பதாகும். 2011ல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 33 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சாலை சென்று சேரும் ரவாங் வட்டாரத்தில்தான் பெரோடுவா வண்டிகள் உருவாகின்றன. தெற்கே ஷா ஆலாமிலிருந்து 1985ல் முதல் புரோட்டோன் சாகா வெளிவந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இத்தகைய தொழிற்சாலைகளில் கருவி பிடித்து வேலை செய்தவர்கள். எனவே, கருவி தேய்ந்தால் எஞ்சின் கெடுமா என்ற கேள்வியை இங்குள்ளவர்கள் ஆராய்ந்து பார்ப்பது பொருத்தமே.

கருவி என்பது எது?

வாதத்தில் பாதிக் குழப்பம் 'கருவி' என்ற ஒரே சொல்லால் வருவது. தொழிற்சாலையில் கருவி என்று சொல்லப்படுவன மூன்று வகை.

முதல்வகை, அச்சுகள். இரும்புத் தகட்டை அழுத்திக் கதவாகவும் கூரையாகவும் ஆக்குவன இவை. உருக்கிய உலோகத்தை ஊற்றி எஞ்சினின் உடலை வார்க்கும் அச்சுகளும் இவ்வகையே. இரண்டாவது வகை, உலோகத்தை வெட்டும் கூர்முனைகள்: கடைசல் முனை, துளையிடும் ஊசி, சாணைக்கல் போன்றவை. மூன்றாவது, அக்கூர்முனைகளைப் பிடித்து ஓட்டும் இயந்திரங்கள்.

அச்சு பல ஆண்டு உழைக்கும். இயந்திரம் தலைமுறைக்கணக்கில் உழைப்பதும் உண்டு. வெட்டுமுனையின் ஆயுளோ மிகக் குறுகியது. இடைவிடாமல் உலோகத்தை வெட்டினால் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் அது மழுங்கிவிடும். ஆகவே, "அந்தத் தொழிற்சாலையில் தேய்ந்த கருவி இருந்தது" என்பது ஒரு பெரிய கண்டுபிடிப்பன்று. உலகிலுள்ள எல்லா எஞ்சின் தொழிற்சாலைகளிலும் ஒவ்வொரு நாளும் கருவி தேய்ந்துகொண்டேதான் இருக்கிறது. தேய்ந்ததா என்பதன்று கேள்வி. எவ்வளவு தேய்ந்தபின் மாற்றினார்கள், மாற்றுமுன் செய்த சாமான்களை அளந்து பார்த்தார்களா என்பவையே கேள்விகள்.

இதை விளக்கத் தோட்டத்து அனுபவமே போதும். ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவர் பட்டையைச் சீவும்போது, உள்ளேயிருக்கும் வளர்திசுவைத் தொடாமல் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைக்க வேண்டும். அதற்கு மேல் ஆழம் போனால் மரம் காயப்படும். புதிதாக வளரும் பட்டை மேடும் பள்ளமுமாகி, மறுமுறை வெட்டுவதற்கு உதவாது போகும். மழுங்கிய உளியைக் கொண்டு அழுத்திச் சீவினால் இந்த அளவு தவறும். அதனால்தான் நல்ல வெட்டுக்காரர் உளியை அடிக்கடி கல்லில் தீட்டிக்கொள்வார். உளி மழுங்குவது குற்றமன்று. மழுங்கியது தெரிந்தும் தீட்டாமல் வெட்டுவதே குற்றம்.

தொழிற்சாலையிலும் நியாயம் இதுவே. அமெரிக்காவில் ஃபிரெடெரிக் டெய்லர் என்ற பொறியியல் அறிஞர் உலோகத்தை வெட்டும் கலையை ஏறத்தாழ 26 ஆண்டுகள் ஆராய்ந்து, தம் முடிவுகளை 1906ல் வெளியிட்டார். வெட்டும் வேகத்தைச் சற்றே கூட்டினாலும் முனையின் ஆயுள் பெருமளவு குறைந்துவிடும் என்பது அவர் கண்ட உண்மைகளுள் முக்கியமானது. வேகமாக வெட்டினால் சாமான் விரைவில் கிடைக்கும். ஆனால் முனை விரைவில் மழுங்கும். மாற்றுவதற்காக இயந்திரத்தை நிறுத்தினால் உற்பத்தி தடைப்படும். "இன்னும் சில சாமான் ஓடட்டும், பிறகு மாற்றலாம்" என்னும் சபலம் இங்கேதான் பிறக்கிறது.

ஒரு தாளின் தடிப்புக்குள்

எஞ்சினுக்குள் இந்தச் சபலம் ஏன் ஆபத்தானது என்பதைப் பார்க்கலாம். பிஸ்டன்கள் மேலும் கீழும் அடிக்கும் அடியைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் தண்டு. பிஸ்டனோடு அதை இணைக்கும் கோல், மெல்லிய பேரிங் ஓடுகளின் மேல் அமர்ந்திருக்கிறது. தண்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, சாதாரண மோட்டார் வண்டியில் ஏறத்தாழ 0.02 முதல் 0.05 மில்லிமீட்டர் வரைதான். வாசகர் கையிலுள்ள செய்தித்தாளின் ஒரு தாள் ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர் தடிப்புள்ளது. அதைவிடக் குறுகிய அந்த இடைவெளியில் எண்ணெய் புகுந்து, இரண்டு உலோகங்களும் ஒன்றையொன்று தொடாமல் காக்கிறது. பளு மிகும்போது அந்த எண்ணெய்ப் படலம் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒருசில பங்காக மெலிந்துவிடும். எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும்போது, தண்டு வினாடிக்கு 50 முறை இந்தப் படலத்தின் மேல் சுழல்கிறது.

இப்போது மழுங்கிய கருவி செய்யக்கூடிய தீமைகளை எண்ணிப் பார்க்கலாம். சாணைக்கல் தேய்ந்திருந்தால் தண்டின் மேற்பரப்பு சொரசொரப்பாக அமையும். அந்த மேடுகள் எண்ணெய்ப் படலத்தைக் கிழித்துக்கொண்டு ஓட்டைத் தேய்க்கும். முனை தேயத்தேய வெட்டும் ஆழம் குறைவதால் அளவு மாறும். இயந்திரத்தின் வழுக்குப் பாதை தேய்ந்து முனை கோணலாக ஓடினால், தண்டு ஒருபக்கம் பருத்தும் மறுபக்கம் சிறுத்தும் அமையும். பளு முழுவதும் ஓட்டின் ஓர் ஓரத்தில் விழும். துளையிடும் ஊசி மழுங்கியிருந்தால் எண்ணெய்த் துவாரத்தின் வாயில் பிசிறு மிகுதியாக நிற்கும். அப்பிசிறு பின்னர் உடைந்து எண்ணெயோடு ஓடி, பேரிங்குக்குள் புகுந்துகொள்ளும்.

ஆகவே, தேய்ந்த கருவியால் எஞ்சின் கெடக்கூடும் என்பதில் ஐயமில்லை. ஆனால் 'கெடக்கூடும்' என்பது வேறு, 'கெட்டது' என்பது வேறு. ஒருவருக்கு விரோதி இருக்கிறார் என்பதாலேயே அந்த விரோதிதான் அவரை அடித்தார் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

திருவொற்றியூர் தரும் பாடம்

தமிழ்நாட்டில் இந்த வாதத்துக்கு நீண்ட சரித்திரமுள்ள ஓர் உதாரணம் உண்டு. அது நான்கு சக்கர வண்டியன்று, மோட்டார் சைக்கிள். எனினும் எஞ்சினின் தத்துவம் ஒன்றே. 1955ல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தோற்றுவித்தன. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் 'புல்லட்' வண்டி உருவாகத் தொடங்கியது. 1957ல், அதன் பாகங்களைச் செய்வதற்குரிய கருவிகளும் இந்திய நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. 1970ல் பிரிட்டனில் அந்தப் பெயரில் வண்டி செய்வது நின்றது. திருவொற்றியூரிலோ பழைய அமைப்பிலேயே உற்பத்தி தொடர்ந்தது.

அந்த எஞ்சினிலிருந்து எண்ணெய் கசியும் என்பது பழமொழி போலவே ஆகிவிட்டது. "வெள்ளைக்காரன் கைவிட்ட பழைய கருவிகள், வேறெப்படி இருக்கும்?" என்று பலர் முடிவு கட்டினர். ஆனால் சற்று நிதானித்துப் பார்த்தால் இரண்டு தடைகள் எழுகின்றன.

ஒன்று, அதே காலத்துப் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்கள் பலவும், கருவிகள் புதியனவாக இருந்தபோதே எண்ணெய்க் கசிவுக்குப் பெயர் போனவை. கிராங்க் பெட்டி செங்குத்தாக இரண்டு பாதிகளாகச் சேர்க்கப்பட்டிருந்தது. கியர்ப் பெட்டி தனியாக இருந்தது. இணைப்புகள் மிகுந்தால் கசியும் வாய்களும் மிகும். கருவி புதிதாயிருந்தபோதே இருந்த நோய்க்குக் கருவியின் தேய்மானத்தை மட்டும் காரணமாகச் சொல்லுதல் தகாது. அது அமைப்பிலேயே இருந்த குறை.

மற்றொன்று, 2008 முதல் எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் ஒன்றாக இணைத்த புதிய எஞ்சின் வரத் தொடங்கி, 2010ஐ ஒட்டிப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் நின்றுபோயிற்று. 2013ல் ஒரகடத்தில் புதிய தொழிற்சாலையும் இயங்கத் தொடங்கியது. கசிவு பற்றிய குறை பெரிதும் அடங்கியது. "பார்த்தீர்களா, கருவியை மாற்றியதும் நோய் தீர்ந்தது" என்று ஒரு சாரார் சொல்லலாம். "அமைப்பை மாற்றியதால் தீர்ந்தது" என்று மறு சாரார் சொல்லலாம். இரண்டு மருந்தையும் ஏறத்தாழ ஒரே காலத்தில் கொடுத்தபின், எந்த மருந்து வேலை செய்தது என்று அடித்துச் சொல்வது அரிது.

வங்காளத்தின் உத்தரபாராவில் உருவான அம்பாசடர் காரும் ஒரு பாடம் தருகிறது. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியைத் தழுவி 1957ல் தோன்றிய அது, 2014 வரை ஏறக்குறைய அதே உருவத்தில் வெளிவந்தது. கதவு சரியாகப் பொருந்துவதில்லை, தகடுகளின் இடைவெளி ஒரே சீராக இல்லை என்ற குறைகள் பலகாலம் பேசப்பட்டன. ஆனால் 1990களில் ஜப்பானிய இசுசு எஞ்சின் அதில் பொருத்தப்பட்டபோது, உடல் பழையதாகவும் எஞ்சின் புதியதாகவும் ஒரே வண்டியில் இருந்தன. தகட்டு அச்சின் தேய்மானம் கதவில் தெரியும். கிராங்க் தண்டில் தெரியாது. ஒரு வண்டியின் கதவு கோணலாக இருப்பதைக் காட்டி, எஞ்சினும் அப்படித்தான் இருக்கும் என்று வாதிடுவது தவறு என்பதற்கு இதுவே சான்று.

புதிய தொழிற்சாலைகளின் கதை

பழைய கருவிகள்தாம் எஞ்சினைக் கெடுக்கின்றன என்றால், புத்தம்புதிய இயந்திரங்களைக் கொண்ட பெரிய தொழிற்சாலைகளில் இத்தொல்லை இருக்கலாகாது. நடந்ததோ வேறு.

2015 செப்டம்பரில் ஹியூண்டாய் நிறுவனம் அமெரிக்காவில் ஏறத்தாழ 4,70,000 சொனாட்டா கார்களைத் திரும்ப அழைத்தது. அவை 2011, 2012ஆம் ஆண்டு வண்டிகள். கிராங்க் தண்டைக் கடையும்போது உண்டான உலோகத் துணுக்குகள் எண்ணெய்ப் பாதையிலிருந்து முற்றும் நீக்கப்படாமல் இருந்திருக்கலாம், அவை எண்ணெய் ஓட்டத்தைத் தடுத்துப் பேரிங்கைக் கெடுக்கலாம் என்பது அறிவிக்கப்பட்ட காரணம். 2024 மே மாதத்தில் டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் ஏறத்தாழ 1,02,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தபோதும், எஞ்சினுக்குள் தங்கிவிட்ட கடைசல் துணுக்குகளே காரணமாகக் கூறப்பட்டன. 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ் 6.2 லிட்டர் எஞ்சினுள்ள ஏறத்தாழ 7,21,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அங்கே எண்ணெய்ப் பாதையில் படிந்த அழுக்கோடு, கிராங்க் தண்டின் அளவும் மேற்பரப்பும் குறித்த வரம்புக்குள் இல்லை என்பதும் காரணமாகச் சொல்லப்பட்டது.

இம்மூன்றிலும் 'கருவி கிழடாகிவிட்டது' என்பது அறிவிக்கப்பட்ட காரணமன்று. முதலிரண்டில் வெட்டியபின் கழுவிச் சுத்தம் செய்த வேலை போதவில்லை. மூன்றாவதில் வரம்பு மீறிய சாமான், அளவுச் சோதனையைத் தாண்டி வண்டிக்குள் போய்விட்டது. இவற்றிலிருந்து தெளிவாகும் உண்மை ஒன்று உண்டு. எஞ்சினைக் காப்பது கருவியின் இளமையன்று; செய்த சாமானை அளந்தும் கழுவியும் பார்க்கும் ஒழுங்கே. அளக்கும் ஒழுங்கு உள்ள இடத்தில் பழைய இயந்திரமும் நல்ல தண்டைத் தரும். அது தளர்ந்த இடத்தில் நேற்று வாங்கிய இயந்திரமும் கெட்ட தண்டைத் தரும்.

இந்த ஒழுங்குக்கு வழிவகுத்தவர் வால்டர் ஷூஹார்ட் என்ற அமெரிக்க அறிஞர். உற்பத்தியாகும் சாமான்களில் சிலவற்றை இடையிடையே எடுத்து அளந்து, அளவுகளை ஒரு வரைபடத்தில் குறித்துக்கொண்டே வரும் முறையை 1924ல் அவர் வகுத்தார். கோடு மெல்ல மேலேயோ கீழேயோ சாயத் தொடங்கினால் முனை தேய்கிறது என்று பொருள். வரம்பைத் தொடுமுன்பே அதை மாற்றிவிடலாம். தொழிற்சாலைத் தரப்பினர் "எங்களிடம் தேய்மானத்தால் குறை வராது" என்று சொல்வது இம்முறையை நம்பித்தான். அது பெரும்பாலும் சரியே. ஆனால் எல்லாச் சாமான்களையும் அளப்பதில்லை, சிலவற்றையே அளக்கிறார்கள் என்பதை மறக்கலாகாது. இரண்டு அளவைகளுக்கு இடையே முனை திடீரென்று உடைந்தால், அந்த இடைவேளையில் செய்யப்பட்டவை தப்பிப் போகக்கூடும்.

குற்றவாளியைக் காட்டும் அடையாளங்கள்

அங்ஙனமாயின், ஒரு குறிப்பிட்ட எஞ்சின் பழுதானபோது குற்றம் தொழிற்சாலையினுடையதா, ஓட்டியவருடையதா என்று அறிவது எப்படி? நான்கு அடையாளங்கள் உதவும்.

முதலாவது, காலம். உற்பத்திக் குறை பெரும்பாலும் வண்டியின் இளம்பருவத்திலேயே தலைகாட்டும். இரண்டு லட்சம் கிலோமீட்டர் உழைத்து ஓய்ந்த எஞ்சினுக்குக் கருவியைக் குறை கூறுவது கடினம்.

இரண்டாவது, துணை. மழுங்கிய முனை ஒரே ஒரு தண்டைக் கெடுத்துவிட்டு நிற்பதில்லை. முன்னும் பின்னும் வந்த பலவற்றையும் கெடுக்கும். ஒரே காலத்தில் உற்பத்தியான வண்டிகள் பலவற்றில் ஒரே இடத்தில் பழுது கண்டால் தொழிற்சாலையின் மேல் சந்தேகம் வலுக்கும். எஞ்சின் எண்ணையும் உற்பத்தித் தேதியையும் குறித்து வைப்பதன் பயன் இதுவே.

மூன்றாவது, காயத்தின் இடம். எண்ணெய் மாற்றாமல் விட்ட எஞ்சினில் கரிய கசடு எங்கும் படிந்திருக்கும். தேய்மானம் பல பேரிங்குகளில் பரவியிருக்கும். காற்று வடிகட்டி பழுதாகித் தோட்டத்துச் செம்மண் புழுதி உள்ளே போயிருந்தால், பிஸ்டன் வளையங்களும் சிலிண்டரின் மேற்பகுதியும் முதலில் தேய்ந்திருக்கும். வெள்ளம் தேங்கிய சாலையில் ஓட்டி நீர் புகுந்திருந்தால் இணைப்புக் கோல் வளைந்திருக்கும். இவையெல்லாம் தொழிற்சாலையின் குற்றமல்ல. இதற்கு மாறாக, எஞ்சின் உட்புறம் சுத்தமாக இருக்க, ஒரே ஒரு பேரிங் மட்டும் கீறலோடு கருகியிருந்தாலும், ஓட்டின் ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தாலும், தொழிற்சாலையை நோக்கிக் கைகாட்ட இடமுண்டு.

நான்காவது, அளவு. கிராங்க் தண்டை மைக்ரோமீட்டரால் இரண்டு மூன்று இடங்களில் அளந்து, நிறுவனத்தின் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடவேண்டும். பழுதான தண்டு பழுதாலேயே உருமாறியிருக்கும். ஆகவே அதே எஞ்சினில் பழுதுபடாத மற்ற இடங்களையும் அளப்பதே நல்ல சாட்சி.

சாட்சியைத் தூக்கி எறியாதீர்

துரதிர்ஷ்டவசமாக, பல வழக்குகள் தோற்பது நியாயம் இல்லாததாலன்று, சாட்சி இல்லாததால். எஞ்சினைப் பிரித்த அன்றே பேரிங் ஓடுகள் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுகின்றன. எண்ணெய் சாக்கடைக்குப் போய்விடுகிறது. எண்ணெய் மாற்றிய ரசீதோ வண்டியின் கையுறைப் பெட்டியில் மழைநீரில் ஊறிக் கிழிந்திருக்கிறது. பிறகு வாதம் செய்ய இரண்டு வாய்கள் மட்டுமே மிஞ்சுகின்றன.

எண்ணெய் மாற்றிய ஒவ்வொரு முறையும் தேதியும் கிலோமீட்டரும் குறித்த ரசீதைப் பத்திரப்படுத்துதல் வேண்டும். எஞ்சின் பழுதானால், பிரிக்குமுன் விற்றவருக்கு எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும். பிரிக்கும்போது படம் எடுத்து, பழுதான உறுப்புகளையும் ஒரு சிறு புட்டியில் எண்ணெயையும் எடுத்து வைத்துக்கொள்ளுதல் வேண்டும். மலேசியாவில் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரமுடையதாக இருக்கவேண்டும் என்று விதிக்கிறது. அச்சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை வழக்கறிஞர் இல்லாமலே கொண்டுசெல்லலாம். அதற்கான கட்டணம் ஐந்து ரிங்கிட்தான். ஆனால் அங்கும் சத்தமாகப் பேசுபவருக்கன்று, சாட்சி காட்டுபவருக்கே வலிமை உண்டு.

தோட்டத்தில் கங்காணி மரங்களைப் பார்வையிட வரும்போது வெட்டுக்காரரின் சமாதானத்தைக் கேட்பதற்கு முன் பட்டையைத்தான் பார்ப்பார். உளி கூராக இருந்ததா, கை நிதானமாக இருந்ததா என்பதைப் பட்டையிலுள்ள வடு சொல்லிவிடும். எஞ்சினுக்குள் இருக்கும் அந்த மெல்லிய பேரிங் ஓடும் அத்தகையதே. தொழிற்சாலையின் அசட்டையானாலும் ஓட்டியவரின் அசட்டையானாலும் தன்மேல் பட்டதை அது பதிவு செய்து வைத்திருக்கிறது. அதைத் தூக்கி எறியாமல் எடுத்துப் பார்ப்பவருக்கே அந்த உண்மை கிடைக்கும்.